தண்டம் கட்டிய பிள்ளைகள்

மனிதர்கள் ஒன்றை ஏன் செய்கிறார்கள், ஏன் செய்யாமல் விடுகிறார்கள் என்பது குகதாசனுக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் அவனே அப்படித்தான் சொல்லுவான். கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவன். அவன் நடத்தும் ரியூசனுக்கு இடம் போதாமல் பிள்ளைகள் விறாந்தையிலும் வாங்கு போட்டு இருப்பார்கள். "விலையைக் கூட்டினா வாங்கிறது குறையும். கூலியைக் கூட்டினா வேலைக்கு வருவினம். மனுசரை விளங்கிக்கொள்ள இவ்வளவும் காணும் பிள்ளையள்" என்று கரும்பலகையில் இரண்டு கோடுகளைக் குறுக்கே கீறி முடித்துவிடுவான். பிள்ளைகளும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதுவார்கள்.

கரும்பலகையோடு விட்டிருந்தால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. அவன் அதை வீட்டுக்குள்ளும் கொண்டு திரிந்தான். கனடாவிலிருக்கும் சித்தி பொங்கலுக்கு மட்டும் ஏன் போன் எடுக்கிறா, பக்கத்து வீட்டு இராசமலர் பலகாரம் கொண்டுவந்த தட்டு திரும்பிப் போகும்போது ஏன் வெறுமையாகப் போகக்கூடாது, எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தான். "உன்னைக் கட்டினது நான் செய்த நல்ல முதலீடு" என்று மனைவி சுதாஜினியிடம் ஒருநாள் மனம் குளிர்ந்துபோய்ச் சொன்னான். அன்றைக்கு அவள் அவனுக்குச் சோறு போடவில்லை. அதற்கும் அவனிடம் விளக்கம் இருந்தது. மகள் யதுர்ஷிகா மட்டும் இந்தக் கதைகளை ஆவென்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. அப்பாவைப் போலக் கெட்டிக்காரர் தாங்கள் குடியிருக்கும் அக்கராயன் ஊரிலேயே இல்லை என்பது அவளுடைய எண்ணம்.

ஊரில் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வாய்க்கால். குளத்துத் தண்ணீரைத் திறக்க முன்னம், வயல்காரர் எல்லோரும் தங்கள் தங்கள் பங்கு வாய்க்காலைத் துப்புரவாக்க வேண்டும். அது எந்தக் காலத்திலிருந்தோ வருகிற வழமை. வராத ஆட்களும் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். வந்தவர்கள் வராதவனைத் தாறுமாறாகத் திட்டிக்கொண்டு அவனுடைய பங்கையும் வெட்டுவார்கள். அவன் வெயில் ஏறியபிறகு ஒரு வாளி தேத்தண்ணியோடும் மாமியாருக்குச் சுகமில்லை என்ற கதையோடும் வந்து சேருவான். குகதாசன் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளராக வந்ததும் இந்தக் கூத்தை நிறுத்தினான். வராதவருக்குத் தண்டம். காரணம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, காசைக் கட்டினால் சரி. அந்த வருடம் சேர்ந்த தண்டக்காசில் மண் வெட்டும் பெக்கோ மெசின் ஒன்றைப் பிடித்து இறக்கினார்கள். ஒரு காலைக்குள் வாய்க்கால் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. திட்டும் இல்லை, பொய்க் காரணமும் இல்லை. வயோதிபர்கூட "மாஸ்ரருக்கு மூளை" என்றார்கள்.

காசு கொடுத்தால் பெக்கோ வந்து வாய்க்கால் வெட்டும். வாய்க்காலுக்கு யார் வெட்டினாலும் ஒன்றுதான். இந்தச் சின்ன விஷயம் அத்தனை படித்த மனிதனின் கண்ணில் படவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அவனுடைய தகப்பன் தில்லைநாதன் இளந்தாரியாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, அக்கராயன் குளத்தின் கீழ் வயல் செய்தவர். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் குகதாசன், இளையவள் விமலேஸ்வரி. அவளும் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் குடியிருந்தாள். மனைவி அன்னபாக்கியம் இறந்துபோன மறுவருடம் கிழவருக்குப் பாரிசவாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுக் குழறியது. அதைவிடப் பொல்லாத ஒன்று தொண்டையில் நடந்திருந்தது. ஆசுபத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது டொக்டர் குகதாசனையும் விமலேஸ்வரியையும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்.

"விழுங்கிறதுதான் பிரச்சினை. தண்ணியை ஒரு கரண்டி, ஒரு கரண்டியா, நிமிர்த்தி இருத்தி, நாடி நெஞ்சில முட்டத் தலையைக் குனிய வைச்சுக் குடுக்கவேணும். தானா மடமடவெண்டு குடிச்சா நெஞ்சுக்குள்ள போயிடும். ஒரு நேரமும் தனிய விடாதேங்கோ."

தனிய விடக்கூடாது. அந்த வீட்டில் இனிச் செய்யவேண்டிய வேலை அது ஒன்றுதான். தண்ணீர்ச் செம்பைக் கட்டிலடியில் வைக்காமல் குசினிக்குள் எடுத்து வைத்தார்கள். சுதாஜினி விடியவே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் போய்ப் பொழுதுபட வருகிறவள். போகமுன்னம் மாமனாரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கூழைக் கரண்டியால் தீத்திவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை முழுதும் அவள். கிழமை நாட்களில் குகதாசன் பள்ளிக்கூடத்தால் வரும்வரை விமலேஸ்வரி. பின்னேரம் குகதாசன். சனிக்கிழமையை இருவரும் மத்தியானத்தோடு பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கூலிக்கு ஆள் பிடிக்கலாம் என்றால் ஊரில் ஆளில்லை. கை கால் உள்ள பெண்கள் எல்லாம் சுதாஜினியோடு அதே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதல் சில மாதங்கள் ஒரே சண்டை. விமலேஸ்வரிக்குக் காலையில் மாட்டு வேலை இருக்கும். "அண்ணை, மாடு அறுத்துக்கொண்டு ஓடிட்டுது, ஒரு கொஞ்ச நேரம் பொறுங்கோ" என்று போன் எடுப்பாள். திரும்ப எடுத்து "வந்திட்டன், வந்திட்டன்" என்பாள். தலை வாரி இழுக்காமல், ஈரக் கையோடு ஓடி வருவாள். குகதாசன் படலையில் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டு நின்று ஏசுவான். இவன் ரியூசனால் பிந்தி வந்தால் அவள் ஏசுவாள். "எனக்கு மட்டும்தான் அப்பாவோ?" என்று ஒழுங்கை கேட்கக் கத்துவாள். பிறகு அழுவாள். அழுது முடிய, நாளைக்கு எத்தனை மணிக்கு யார் வருவது என்று இருவரும் நின்று கதைப்பார்கள்.

குகதாசனுக்கு இது மானக்கேடாக இருந்தது. ஒரு ஞாயிறு எல்லோரையும் கூப்பிட்டு இருத்தினான்.

"இனிச் சண்டையில்லை. முறையை விடுறவர் ஐந்நூறு ரூபாய் தண்டம். காரணம் கேக்கிறதில்லை. அந்த முறையை ஆர் எடுத்துப் பார்க்கினமோ அந்தக் காசு அவைக்கு." வெறும் பால்மா ரின் ஒன்றின் மூடியில் காசு போடக் கத்தியால் கீறல் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தான்.

சுதாஜினி குசினி வாசலில் நின்று கேட்டாள். "இஞ்சேருங்கோ, மாமா என்ன வாய்க்காலே?"

"நீ உணர்ச்சிவசப்படாத. ஒரு தரம் செய்து பார்ப்பம்."

 விமலேஸ்வரியின் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கினது போலிருந்தது.

வீடு அமைதியாகிப் போனது. அதை அவன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலும் சொல்லிப் பெருமைப்பட்டான். தொடக்கத்தில் அவன் விட்ட பின்னேரங்களை விமலேஸ்வரி எடுத்தாள், ரின்னிலிருந்து காசையும் எடுத்தாள். சில மாதம் போக, எடுப்பதைக் குறைத்தாள். புருசன் வயலில் நன்றாக உழைக்கிறவன், ஐந்நூறு ரூபாய்க்கு அவள் தவித்து நிற்கவில்லை. அவளும் போட மட்டும் தொடங்கினாள். குகதாசனுக்கோ ஒரு மேலதிக வகுப்பில் கிடைப்பதோடு பார்த்தால் தண்டம் சில்லறை. முந்தியென்றால் வகுப்புக்கு ஓடும்போது நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தும். இப்போது காசைப் போட்டால் உறுத்தல் நின்றுவிடுகிறது. விட்டுப்போன முறைகளை இழுத்துப் பறித்து நிரப்பியது சுதாஜினியின் லீவு நாட்களும், யதுர்ஷிகா பள்ளிக்கூடத்தால் நேரத்தோடு ஓடி வந்ததும்தான். அவர்கள் ரின்னைத் தொடவில்லை. ரின் நிரம்பியது.

"உங்கட தங்கச்சி என்னோட முகம் குடுத்துக் கதைச்சு எவ்வளவு காலம் தெரியுமே?" என்றாள் சுதாஜினி.

"சண்டையும் பிடிக்கேல்லத்தானே."

"சண்டை பிடிச்சாலும் காரியமில்லை. வாறாளோ வரேல்லையோ எண்டு அப்ப தெரியும்."

அவன் அதை ஒரு நிமிடம் யோசித்தான் என்பதை மறுக்க முடியாது. யோசித்து, தண்டம் காணாது என்று முடிவு கட்டினான். ஆயிரமாகக் கூட்டினான். பெரிய காசைப் போட்டவர்களுக்கு மனம் இன்னும் சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

கிழவருக்கு இதெல்லாம் விளங்கியதா என்று தெரியாது. ஒரு பின்னேரம் குகதாசன் அவரைக் கதிரையில் நிமிர்த்தி இருத்தித் தண்ணீர் தீத்தினான். வெயில் நெருப்பாக எறித்த காலம். ஒரு கரண்டி, பிறகு ஒரு கரண்டி. அவருக்குத் தாகம் அடங்கவில்லை. வாய் கரண்டியைத் தேடித் தேடி முன்னுக்கு வந்தது. கரண்டியை வைத்தபோது நல்ல கையால் மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஏதோ குழறினார். "இரு" என்றது போலத்தான் கேட்டது.  சின்ன வயதில் வரம்பில் விழாமல் தன்னைப் பிடித்த கை என்று குகதாசனுக்குத் தோன்றியது. சற்று நேரம் அப்படியே இருந்தான். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மெல்லக் கழற்றிவிட்டு, யதுர்ஷிகாவைக் கூப்பிட்டு இருத்திவிட்டு வகுப்புக்குப் போனான்.

அந்தக் கிழமை வந்த சனிக்கிழமையில் காலைப் பாதி அவனுடையது, மத்தியானத்துக்குப் பிறகு விமலேஸ்வரியுடையது. சோதனை நெருங்கிவிட்டதால் காலையிலும் வகுப்பு வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை பின்னேரமே ரின்னுக்குள் தண்டத்தைப் போட்டான். தங்கச்சி காலையில் வரும்போது தான் இல்லாததைக் காண்பாள், இருந்து பார்ப்பாள், காசை எடுத்துக்கொள்வாள் என்பது அவனுடைய கணக்கு. சனிக்கிழமை காலையில் அவள் எதற்கு வரவேண்டும்? அது அவளுடைய நேரமில்லையே. சில சனிக்கிழமைகளில் வந்திருக்கிறாள், பால் கொண்டுவந்தால் அப்படியே இருந்துவிடுவாள். அதை அவன் ஒரு விதியாக எடுத்துக்கொண்டான்.

அவனுக்குத் தெரியாதது என்னவென்றால், வெள்ளிக்கிழமை பால் கொண்டுவந்தபோது விமலேஸ்வரியும் தன்னுடைய ஆயிரத்தைப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். கண்டாவளையில் புருசனின் தமக்கை மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்பு நீராட்டுச் சடங்கு. விடியற்காலை பஸ். முந்தியென்றால் மூன்று நாளைக்கு முன்பிருந்தே "அண்ணை, குறை நினையாதேங்கோ, போகாமல் விட்டா அவரின்ர ஆக்கள் கோவிப்பினம்" என்று கெஞ்சியிருப்பாள். அவன் ஏசியிருப்பான். ஏச்சோடு ஏச்சாக இருவரில் ஒருவர் நின்றிருப்பார்கள். இப்போது கெஞ்சத் தேவையில்லை. கட்ட வேண்டியதைக் கட்டியாயிற்று.

காலையில் சுதாஜினி வேலைக்குப் போனபிறகு, குகதாசன் யதுர்ஷிகாவையும் அவளுடைய வகுப்பில் இறக்கிவிடுவதற்காக மோட்டார் சைக்கிளில் ஏற்றினான். கிழவர் கட்டிலில் விழித்துக்கொண்டு கிடந்தார்.

"மாமி வரட்டும் அப்பா. பொறுத்துப் போவம்" என்றாள் யதுர்ஷிகா.

"வருவா. ஏறு."

"ஒருக்கா போன் எடுத்துக் கேளுங்கோவன்."

"கேட்டா, ஏன் நிக்கேல்லை எண்டு தொடங்குவா. அதுக்குத்தானே ரின் வைச்சது. ஏறு பிள்ளை."

போன் அவனுடைய சட்டைப் பைக்குள்தான் இருந்தது.

மத்தியானம் வகுப்பு முடிகிற நேரம் இராசமலரின் அழைப்பு வந்தது. "தம்பி, கெதியா வாங்கோ, ஐயா..." என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கு நினைவில்லை.

படலையில் சனம். உள்ளே தகப்பனைக் கட்டிலில் நேராகக் கிடத்தி, நாடியைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். குசினி வாசலில் செம்பு கவிழ்ந்து கிடந்தது. கட்டிலிலிருந்து குசினி வரை நிலத்தில் ஒரு பக்கமாக இழுபட்ட தடம் இருந்தது. வந்தவர்களின் கால்பட்டு அரைவாசி அழிந்துபோயிருந்தது. குகதாசன் அதைப் பார்த்தான். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. விழுந்த பக்கத்தை இழுத்துக்கொண்டு, நல்ல கையை ஊன்றி ஊன்றி, அந்த மனிதர் தண்ணீருக்காக இவ்வளவு தூரம் போயிருக்கிறார். 

கிராம அலுவலர் வந்து, வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார். "கடைசி நேரம் ஆர் பக்கத்தில?"

விமலேஸ்வரி அப்போதுதான் கண்டாவளையிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். தலையில் பூ, பட்டுச்சேலை. அவளும் குகதாசனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரைக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றேதான். அதற்கு இருவரிடமும் இருந்த பதிலும் ஒன்றேதான்.

"நான் நிண்டனான்" என்றாள் யதுர்ஷிகா.

தன் வகுப்பு முடிந்து முதலில் வீட்டுக்கு வந்து அவரைக் கண்டவள் அவள்தான். அவள் கத்தின கத்தலில்தான் இராசமலர் ஓடி வந்திருந்தாள். உடுப்பு தண்ணீரில் நனைந்திருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது, குரல் ஆடவில்லை.

"தண்ணி கேட்டவர். குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போய் நான்தான் குடுத்தனான். புரைக்கேறிட்டுது."

குகதாசன் வாயைத் திறந்தான். அந்த ஒரு கணத்துக்குள் அவனுடைய மூளை தன் வேலையைச் செய்து முடித்தது. உண்மை சொன்னால் ஊர், பள்ளிக்கூடம், ரியூசன், தங்கச்சியின் புருசன் வீட்டார், எல்லோர் வாயிலும் விழவேண்டும். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. போனவர் எப்படியும் போய்விட்டார். வாயை மூடிக்கொண்டான். விமலேஸ்வரி ஓடிப்போய் யதுர்ஷிகாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழறி அழுதாள். பார்த்தவர்கள் தகப்பனுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

செத்தவீட்டில் ஊர் அந்தப் பொய்க்கு மெருகு போட்டது. பேத்தி மடியில் தலை வைத்துத் தண்ணீர் குடித்தாராம். குடித்துவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிரித்தாராம். குடுத்துவைச்ச மனுசன் என்றார்கள் வயோதிபர்கள். சில பெண்கள் குரலைத் தாழ்த்தி, "பாவம், அந்தப் பிள்ளைக்குக் குடுக்கிற முறை தெரியேல்லப் போல" என்றார்கள். அதுவும் யதுர்ஷிகாவின் காதில் விழுந்தது.

சுதாஜினிதான் ரின்னைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் பார்த்ததற்கு மேல் இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்கள் கூடக் கிடந்தன. அவற்றைக் கையில் எடுத்தாள். பிறகு புருசனிடம் வந்தாள்.

"பிள்ளை அண்டைக்கு மத்தியானம் வரைக்கும் வகுப்பில எண்டு எனக்குத் தெரியும். அவள் சொல்லேக்க நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்."

அவன் நிலத்தைப் பார்த்தான்.

"கையில ஒண்டுமில்லாத பிள்ளையின்ர தலையில பழியை வைச்சிட்டியள்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அவனோடு அவசியத்துக்கு மட்டும்தான் கதைத்தாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முற்றம் நிறைய ஆட்கள். யதுர்ஷிகா கிணற்றடியில் தனியே இருந்து தம்ளர்கள் கழுவினாள். மெலிந்திருந்தாள். அந்த நாட்களில் அவள் ஒருவருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை என்பதைக் குகதாசன் கவனித்திருந்தான். கேட்டால் பாத்திரத்தோடு கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அவன் அவளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

அவள் கை நிற்கவில்லை. "ஆரோ ஒராள் நிண்டதெண்டு சொல்லத்தானே வேணும், அப்பா. உங்களை எண்டா படிக்கிற பிள்ளையள் எல்லாம் கதைக்கும். மாமியை எண்டா மாமாவின்ர ஆக்கள் காலம் முழுக்கச் சொல்லிக்காட்டுவினம். நான் சின்னப்பிள்ளை. எனக்குப் பெரிசா ஒண்டும் செய்யமாட்டினம். மூண்டு பேரில எனக்குத்தானே நட்டம் குறைவு?"

சரியோ என்று கேட்பது போல அவனை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ பின்னேரம் கணக்கைச் செய்துவிட்டு அப்படிப் பார்த்திருக்கிறாள். அவன் அந்தப் பதிலில் பிழை தேடினான். அவனுக்குத் தெரிந்த பொருளியல் முழுவதிலும் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவனை உலுக்கியது. என் பிள்ளை, என் பிள்ளை என்று மட்டும் உள்ளே ஏதோ அரற்றியது.

சொல்லிவிடுவது என்று எழும்பினான். அது என் முறை, நான் நிற்கவில்லை, சொல்லவேண்டியது அவ்வளவுதான். கிணற்றடியிலிருந்து முற்றத்துக்கு நடந்தான்.  பந்தலுக்குள் அதிபரும் கமக்காரர் அமைப்பின் தலைவரும் ரியூசன் பிள்ளைகளின் தகப்பன்மாரும் இருந்தார்கள். அவனைக் கண்டதும் கதையை நிறுத்தி, எழும்பி, நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்கள். ஒருவர் அவனுடைய தோளைத் தடவினார்.

"மாஸ்ரர், மனதைத் தளரவிடாதேங்கோ. தனியக் கிடந்து சாகிற எத்தினை பேர் இந்தக் காலத்தில? ஐயாவுக்குக் கடைசி மட்டும் பக்கத்தில ஆள் இருந்ததெல்லே?"

எல்லோரும் அவனுடைய வாயைப் பார்த்தார்கள். குசினி வாசலில் சுதாஜினி வந்து நின்றாள்.

குகதாசன் கதிரையில் இருந்தான்.

"ஓம்" என்றான்.